ஆர்டர் படம் வரைந்து வரைந்து என் கை எங்கே போனது என்று தெரியவில்லை

எழுதியவர்: ஈரத்தூரிகை

கும்பகோணத்தில் இருக்கிறேன். வாட்டர்கலர்தான் என் தொழில். சென்னையில் பார்த்த அனிமேஷன் வேலையை 2019-ல் விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். கொரோனா சமயத்தில் வெளியே எங்கும் போக முடியாமல், கல்யாண போட்டோவைப் பார்த்து ஜோடிப் படம் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு வரை அதுதான் சோறு போடுகிறது. மாதம் எட்டு, பத்து ஆர்டர் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அப்பாவின் மருந்துச் செலவு அதில்தான் ஓடுகிறது.

போன மாதம் ஒரு தங்கும் விடுதிக்குப் பன்னிரண்டு கோபுரப் படம் கேட்டார்கள். நல்ல தொகை. காலை ஆறு மணிக்கே போய் உட்கார்ந்து சாரங்கபாணி கோயில் கோபுரத்தை வரைந்து அனுப்பினேன். பனியில் மேல்நிலைகள் மங்கலாகத்தான் தெரிந்தன, அப்படியே விட்டிருந்தேன். அலங்கார வேலை எடுத்திருந்தவர் வேறொரு ஓவியரின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "இந்த மாதிரி பளிச்சுன்னு வேணும். கீழே ஒரு மாட்டு வண்டி, மழை பெய்ஞ்ச தெருவுல கோபுரம் தெரியணும்" என்றார். வரைந்து கொடுத்தேன், பன்னிரண்டும். கடைசிப் படத்தில் கையெழுத்துப் போடப் போனபோது தூரிகை அந்தரத்தில் நின்றுவிட்டது. என் பெயரை அங்கே எழுதக் கூசியது.

எனக்கென்று ஒரு வேலை இருந்தது. 2021-லிருந்து வாரம் ஒரு நாள் ஸ்கூட்டியில் நாச்சியார்கோவில் போவேன். குத்துவிளக்குப் பட்டறைகளில் ஒரு ஓரமாக உட்கார்ந்து வரைவேன். உருக்கிய பித்தளையை மண் அச்சில் ஊற்றும்போது ஒரு வெளிர்பச்சைத் தீ எழும்பும். அரை நிமிடம்கூட நிற்காது, உடனே வெள்ளைப் புகை மூடிவிடும். அந்தப் பச்சையைப் பிடிக்கவே ஒரு வருடம் ஆனது. கடைசல் பிடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விளக்குத் தண்டு சுழலச் சுழலப் பித்தளைச் சீவல் பறந்து வந்து அவர் முன்கை ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். மதிய வெயில் கதவு வழியாக விழும்போது கை முழுக்கப் பொன் தூவியது போல இருக்கும். இப்படி ஏழு நோட்டு நிரப்பியிருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் போட்டால் அதை யாரும் பார்ப்பதில்லை. ஈரத்தெரு ரீல்ஸுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

இப்போது மூன்று மாதமாகப் பட்டறைப் பக்கமே போகவில்லை. கடைசியாகப் போனபோது பயந்துவிட்டேன். காய்ந்த மண் தரையை வரைந்துகொண்டிருந்தேன், என் கை அதன் மேலும் பளபளப்பு வைத்தது. அந்தத் தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

ஆர்டரையும் சொந்த வேலையையும் ஒரே கையில் எப்படி வைத்திருக்கிறீர்கள்? ஆர்டரை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், என்னால் முடியாது.

பதில் 1: போர்டு எழுதினவன், மதுரை

தங்கச்சி, 1988-லிருந்து கட்சி பேனர், சினிமா கட்அவுட், கடை போர்டு எல்லாம் எழுதியவன் நான். ஒரே தலைவர் முகத்தை எத்தனை நூறு தடவை போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. சின்ன போட்டோவில் கட்டம் போட்டு, துணியில் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக ஏற்ற வேண்டும். கன்னத்துக்கு ரோஸ், தாடைக்கு நீல நிழல். தேர்தல் நேரத்தில் தூக்கத்தில்கூட அந்த நீலத்தைக் குழைப்பேன்.

நீங்கள் சொல்லும் பயம் எனக்கும் வந்தது. ராத்திரி வேலை முடிந்து யானைக்கல் பக்கம் வாழைத்தார் இறக்குகிற ஆட்களை வரைய உட்காருவேன். சுமை தூக்கி நிற்கிற மனிதனுக்குத் தலைவர் கன்னம் வந்துவிடும். ரொம்ப நாள் திண்டாடினேன். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான்: பழக்கம் மனசில் இருப்பதைவிடக் கருவியில்தான் அதிகம் இருக்கிறது. பட்டைத் தூரிகையைக் கையில் எடுத்தாலே கை பேனர் போட ஆரம்பித்துவிடும். அதனால் அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு போனேன். கரியில் ரோஸும் கிடையாது, நீலமும் கிடையாது. கன்னத்தை என்ன செய்வது என்று கைக்குத் தெரியாமல் போனது. அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். தார் ஏறினதும் கழுத்து நரம்பு ஒரு பக்கம் மட்டும் புடைக்கும், அதுவரை அதை நான் கவனித்ததே இல்லை.

2000-க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் தொழில் முடிந்தது. பேனர் ஒன்றுகூட என்னிடம் இல்லை, கரிப்படம் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது.

நாச்சியார்கோவிலுக்குக் கலர் டப்பாவை எடுத்துப் போகாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் இந்தியன் இங்க் போதும். குச்சியால் ஈரத்தெரு போட முடியாது.

பதில் 2: களிமண்

அந்த ஏழு நோட்டை இன்ஸ்டாவில் போட்டீர்கள், சரி. பட்டறையில் இருப்பவர்களிடம் காட்டினீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லையே, அதனால் கேட்கிறேன்.

பதில் 3: ஈசிஆர் வாசி

போர்டு எழுதின அண்ணன் சொன்னதை ஒரு ஊரே செய்து பார்த்திருக்கிறது. 1966-ல் சென்னைக்குப் பக்கத்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பித்தபோது, கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். படிப்பு முடித்துப் போகும் பிள்ளைகள் ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லோருமாகச் சேர்ந்து பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது), கைவினைப் பொருட்கள் செய்து விற்றார்கள். கடற்கரை ஓரம் நிலம் வாங்கியதே அந்தப் பணத்தில்தான். சாப்பாட்டுக்கு பாத்திக், ஓவியம் அவரவர் இஷ்டத்துக்கு. வாங்குகிறவருக்காக ஓவியத்தில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பணிக்கர் ஜாதகக் கட்டம் போலவும் எழுத்துப் போலவும் வரைந்தது அந்தக் காலத்தில்தான். அது விற்குமா என்று பார்த்திருந்தால் வரைந்திருக்கவே மாட்டார். உங்களுக்கு ஆர்டரும் வாட்டர்கலர், சொந்தமும் வாட்டர்கலர், தாள்கூட ஒன்றேதான். சிக்கல் அங்கேதான் என்று எனக்கும் படுகிறது.

ஆனால் அண்ணனோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. எல்லோரும் பிரித்து வைக்க வேண்டும் என்றில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் பாருங்கள். காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969 வாக்கில், வெறும் கோட்டில் காந்தியை வரைந்து தள்ளினார். அதே கோட்டைத்தான் பத்திரிகைகளுக்கும் கொடுத்தார். பத்திரிகைக்கு என்று தனியாக ஒரு கை வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஜோடிப் படத்தில், பெண் கையில் இருக்கும் விளக்கை மட்டுமாவது உங்கள் நாச்சியார்கோவில் கண்ணால் வரைந்து பாருங்கள். வாங்குகிறவர் கவனிக்காமல் போகலாம், உங்கள் கை கவனிக்கும்.

ஈரத்தூரிகை (கேட்டவர்):

எல்லோருக்கும் நன்றி. களிமண் கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: இல்லை, ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. நாலு வருடமாக அவர்கள் கையைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன், ஏன் காட்டத் தோன்றவில்லை என்று எனக்கே புரியவில்லை.

நேற்று, வியாழக்கிழமை, மூங்கில் குச்சியும் இங்க் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போனேன். நாலு மணி நேரத்தில் பதினொரு படம். குச்சி சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இங்க் ஒரு இடத்தில் கொட்டும், அடுத்த இடத்தில் கீறிக்கொண்டு போகும். தரை காய்ந்த தரையாக வந்தது. அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

டீ நேரத்தில் பழைய நோட்டுகளைக் கடைசல் அண்ணனிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்து, "உளியை இப்படிப் பிடிச்சா தண்டு தூக்கி அடிச்சிடும்மா. கட்டை விரல் மேல இருக்கணும், அதுலதான் அழுத்தமே" என்றார். எழுந்து போய் மெஷினைப் போட்டுப் பிடித்துக் காட்டினார். ஏழு நோட்டிலும் அந்த விரலைத் தப்பாகத்தான் போட்டிருக்கிறேன். பொன் தூவிய முன்கையையே பார்த்துக்கொண்டிருந்து விரலை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டு ஜோடிப் படம் கொடுக்க வேண்டும், முடித்துவிடுவேன். அடுத்த வியாழன் அந்தக் கட்டை விரலை மட்டும் வரையப் போகிறேன்.