ஒரு சண்டைக்கு எத்தனை பேர்?

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து:

தொண்ணூறுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், மல்யுத்தம் பார்ப்பதென்றால் தீபாவளி வர வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து டவுனில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்போம். இரண்டு படம் ஓடி, பெண்கள் அசந்த பிறகுதான் மல்யுத்த கேசட். அண்டர்டேக்கர் விழுந்து கிடந்துவிட்டுச் சடாரென்று எழும்பி உட்காரும்போது, தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த அப்பாயி "செத்தவன் எழும்புறானே!" என்று அலறும். அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு சரி.

2015இல் மேவெதர் - பாக்கியாவ் குத்துச்சண்டை. அங்கே மே 2 இரவு, நமக்கு ஞாயிறு காலை. அமெரிக்காவில் வீட்டில் எச்டியில் பார்க்க 99.95 டொலர். அன்றைய கணக்கில் நம் காசு 13,000க்கு மேல். அப்போது தோட்டத்து அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 450. ஒரு நாள் சம்பளத்தை 'ஒரு பேர்' என்போம், பாதிச் சம்பளம் அரைப்பேர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இதைச் சொன்னதும் மாமா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு சண்டைக்கு 29 பேரா? கங்காணி அரைப்பேர் போட்டா ரெண்டு மாசம்டா!" என்றார். நான் பார்த்தது யாரோ அனுப்பிய லிங்கில். மூன்றாவது ரவுண்டில் படம் நின்றுவிட்டது. மேவெதர் புள்ளியில் ஜெயித்ததை மத்தியானம் ஒரு சிநேகிதன் சொல்லித்தான் தெரியும். சண்டையும் சுமார்தானாம், அதில் ஒரு ஆறுதல்.

ஹட்டன், இப்போது கொழும்பில் வேலை:

அண்ணே, அந்த 29 பேர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 2022இல், குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த சண்டை நடத்தும் யூஎஃப்சியின் பெரிய சண்டை ஒன்றுக்கு அமெரிக்காவில் 74.99 டொலர். நம்மிடம் டொலர் 360ஐத் தொட்ட வருடம் அது. 27,000 ரூபாய். நாட்சம்பளம் 1,000 ஆகியிருந்தது, ஆனாலும் 27 பேர்! சம்பளம் கூடியதை டொலர் தின்றுவிட்டது. அமெரிக்காவில் 2026 முதல் அந்தத் தனிக்கட்டணமே இல்லை, பாராமவுண்ட் பிளஸ் என்ற ஆப்பின் மாதச் சந்தாவுக்குள் வந்துவிட்டது.

எனக்கு வலிப்பது மாதாமாதம் போகும் காசு. மல்யுத்தத்துக்கு ஒரு ஆப், குத்துச்சண்டைக்கு இன்னொன்று, அப்புறம் டேட்டா. போன வருடம் ஒன்றை நிறுத்த மறந்து மூன்று மாதம் கார்டில் காசு போனது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தலவாக்கலையிலிருந்து:

எங்கள் வீட்டில் டிஷ்தான். மழை இறங்கினால் படம் போய்விடும், தலவாக்கலையில் மழை எப்போது இல்லை? 2024 நவம்பரில் டைசன் - ஜேக் பால் சண்டை நெட்பிளிக்ஸில் வந்தபோது, சந்தா வைத்திருந்த ஒரே வீட்டில் பதினொரு பேர் உட்கார்ந்தோம். சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகாமல் நின்றவர்கள் நாலு பேர். 58 வயது டைசன் எட்டு ரவுண்டும் நின்றதைப் பார்த்து அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். அந்த வீட்டு அக்கா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிவிட்டு, அடுத்த மாதச் சந்தாவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் என்று தட்டை நீட்டினார். ஒன்பது பேர் கொடுத்தோம். மற்ற இருவரும் இன்றைக்கும் அந்தப் பக்கம் போவதில்லை.