மறு: ஹைப்பர்ஃபோக்கல் டிஸ்டன்ஸ் – மீயா, அதியா, மிகையா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஒளிப்படக் கலைச்சொற் பட்டியலுக்கு 'ஹைப்பர்ஃபோக்கல் டிஸ்டன்ஸ்' என்பதற்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். கிட்ட உள்ளதிலிருந்து முடிவிலி வரை தெளிவாக விழக் குவியம் வைக்கவேண்டிய தூரம் அது. வேலை நெருக்கியதால் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், கொஞ்சம் நீளும்.

> ஹைப்பர்லிங்க்குக்கு மீயிணைப்பு என்று ஏற்றுக்கொண்டோம். அதே வழியில் மீகுவியத் தொலைவு என்று போட்டால் வேலை முடிந்தது.

கோவை நண்பரே, முடியவில்லை. மீ, அதி, மிகை மூன்றில் எதைப் போட்டாலும் 'ஹைப்பர்' என்ற கிரேக்க முன்னொட்டுக்குத்தான் ஈடு தேடுகிறோம், பொருளுக்கு இல்லை. கணிதத்தில் அதிபரவளைவு (ஹைப்பர்போலா) இருக்கிறதே என்று ரொறன்ரோ அண்ணை கேட்டிருந்தார். இருக்கிறது. உயர்தரத்துக்கு அதைப் படித்தவன்தான் நான். அந்த 'அதி' எதைச் சொல்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வளைவின் படம் இருந்ததால் தப்பினேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பள்ளிக்கூடத்தில் ஒளியியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் 'குவியத் தூரம்' என்றால் வில்லையின் குவியத் தூரம்தான். 18 மில்லிமீற்றர், 50 மில்லிமீற்றர் என்று லென்ஸில் எழுதியிருக்கிறதே, அது. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 'லெங்த்', மற்றதுக்கு 'டிஸ்டன்ஸ்' என்று தப்பிவிடுகிறார்கள். நமக்கு இரண்டும் தூரம். ஆகவே 'அதிகுவியத் தூரம்' என்றதும் பிள்ளையின் மனதில் வருவது பறவை எடுக்கிற 600 மில்லிமீற்றர் லென்ஸ். கற்பனையாகச் சொல்லவில்லை, நான் சனிக்கிழமைகளில் எடுக்கும் வகுப்பில் நடந்தது. அடுத்த கிழமை 'மிகைக்குவியம்' என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப அதில வைச்சா மற்ற எல்லாத்தையும் விட ஷார்ப்பா வருமோ சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். மிகை என்றால் கூட, கூடக் குவிந்தால் கூடத் தெளிவு. அவள் கேட்டது சரி. சொல்தான் பிழை.

உண்மையில் நடப்பது வேறு. அந்தத் தூரத்தில் குவியத்தை வைத்தால், அதன் பாதியிலிருந்து முடிவிலி வரைக்கும் எல்லாம் 'பரவாயில்லை' என்கிற அளவுக்குத் தெளிவாக விழும். முடிவிலி அந்தப் 'பரவாயில்லை'யின் கடைசி விளிம்பில் மட்டுமட்டாக நிற்கும். இன்னும் ஒரு சாண் கிட்டவாகக் குவியத்தை இழுத்தீர்கள் என்றால் அடிவானம் கைவிட்டுப் போய்விடும். மிகையும் இல்லை, அதியும் இல்லை. எட்டிப் பிடிக்கிற கணக்கு.

இது நமக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். நுவரெலியாவுக்குப் போனால் மலையே படத்தை நிறைத்துவிடும். எல்லாம் தூரத்தில் இருக்கும், குவியத்தை முடிவிலியில் வைத்துவிட்டு அழுத்தவேண்டியதுதான். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு தட்டை. பண்ணையிலோ கல்லுண்டாய் வெளியிலோ நின்று சும்மா எடுத்தால் கீழே ஒரு பட்டி தண்ணீர், மேலே ஒரு பட்டி வானம், நடுவில் மயிர்க்கோடு மாதிரிக் கரை. படம் எடுத்தவருக்கு மட்டும்தான் அது அழகு. கிட்ட ஒரு பொருள் வேண்டும். ஒரு தோணியின் மூக்கு, நெடுந்தீவென்றால் பவளக்கல் வேலி, மணற்காடென்றால் மணலில் காற்று போட்ட வரி. கமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கி, அந்தப் பொருளைப் படத்தின் மூலையில் பிடித்து, அங்கிருந்து கண்ணைத் தூரத்துக்கு ஓடவிட வேண்டும். கிட்ட உள்ளதும் தூர உள்ளதும் ஒரே படத்தில் தெளிவாக வேண்டும் என்றால் இந்தச் சொல் இல்லாமல் வகுப்பே எடுக்க முடியாது.

போன மாதம் பண்ணையில் ஒரு பின்னேரம். கரையோரம் மீன் பிடிக்கிற களங்கண்ணி வலையின் தடிகள் வரிசையாக நின்றன. கடைசித் தடி எங்கள் கமராவிலிருந்து இரண்டு முழத்துக்குச் சற்றே குறைய, 80 சென்ரிமீற்றர் இருக்கும். தூரத்தில் மண்டைதீவுப் பனைகள். ஒருவன் தடிக்குக் குவியம் வைத்தான், பனைகள் மங்கின. இன்னொருவன் பனைக்கு வைத்தான், தடியில் கட்டியிருந்த கயிற்றின் புரி தெரியவில்லை. மூன்றாமவன் கெட்டிக்காரன், துவாரத்தை எஃப்/22க்குச் சுருக்கிவிட்டான். எல்லாம் ஒரே அளவாக மொத்தையாகிப் போனது. அந்தச் சின்னத் துவாரத்தில் கோணல் வேலையைக் காட்டும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: ஒளி துவாரத்தின் விளிம்பில் வளைந்து பரவுவதை, நீங்கள் விளிம்பு விளைவு என்பதைத்தான் சொல்கிறேன்.) எஃப்/22இல் ஒரு புள்ளி வெளிச்சமே சென்சரில் ஏறக்குறைய 0.03 மில்லிமீற்றர் அகலத்துக்குப் பரவிவிடும்.

பிறகு மணலில் குச்சியால் கணக்குப் போட்டோம். பிள்ளைகளிடம் இருப்பது சின்ன சென்சர்க் கமரா, 18–55 லென்ஸ். 18ஐ 18ஆல் பெருக்கினால் 324. துவாரம் எஃப்/11, மயக்க வட்டம் (ஒரு புள்ளி சென்சரில் இவ்வளவு வரை பரந்தாலும் தெளிவென்று எடுத்துக்கொள்ளும் அளவு) 0.02 மில்லிமீற்றர், இரண்டையும் பெருக்கினால் 0.22. 324ஐ 0.22ஆல் வகுத்து, குவியத் தூரம் 18ஐயும் கூட்டினால் 1491 மில்லிமீற்றர். ஒன்றரை மீற்றர் என்று வையுங்கள். பாதி 75 சென்ரிமீற்றர், எங்கள் தடி அதற்குள் தப்பிவிடும்.

சரி, ஒன்றரை மீற்றரில் எதற்குக் குவியம் வைப்பது? அங்கே வெறும் சேறு. என் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் நிறுத்தி, அதற்குக் குவியம் வைத்து, லென்ஸின் ஆட்டோவை நிற்பாட்டி, செருப்பை எடுக்கப் போனேன். சேறு விடவில்லை. ஒரு வாரோடு வந்தது. ஆனால் படத்தில் கயிற்றுப் புரியும் தெரிந்தது, பனையோலையும் தெரிந்தது. முன்னே 'மிகை' என்று கேட்டவள்தான் கமராத் திரையைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செருப்பில வைச்சது வானத்தையே தொடுது."

என் பரிந்துரை அங்கே பிறந்தது: தொடுவான் தூரம்.

தொடுவானம் எல்லாருக்கும் தெரிந்த சொல். 'தொடு' என்ற வினை கணிதத்திலும் இதே பொருளில் நிற்கிறது. இங்கே தொடலி, உங்களுக்குத் தொடுகோடு. வெட்டாமல் மட்டாகத் தொட்டுப் போகிற கோடு. அடிவானம் தெளிவின் விளிம்பை மட்டாகத் தொடுகிற நிலை இது. சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கையும் இருக்கிறது: தொடுகிறது, அவ்வளவுதான். சுவரில் மாட்டப் பெரிதாக அச்சடிக்கிறவர்கள் குவியத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பனைகள் பஞ்சாகத் தெரியும். 'அதி' இதைச் சொல்லாது.

> ஆங்கிலத்தில் உலகமே ஹைப்பர்ஃபோக்கல் என்கிறது. நாம் மட்டும் ஏன் வேறு வழி போகவேண்டும்?

உலகமும் எப்போதும் அப்படிச் சொல்லவில்லை. 1867இல் சட்டனும் டோசனும் வெளியிட்ட ஒளிப்பட அகராதியில் இதே கருத்து 'ஃபோக்கல் ரேஞ்ச்' என்ற பெயரில் இருக்கிறது. ஆறு அங்குல வில்லை, கால் அங்குலத் துவாரம். 20 அடியிலிருந்து ஒரு நிலைத்த விண்மீன் வரை எல்லாம் தெளிவு என்று உதாரணம் சொல்கிறார்கள். அந்த 20 அடிக்குத்தான் பெயர். முன்னொட்டு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களே பெயரை மாற்றியிருக்கும்போது நமக்கு என்ன கட்டாயம்?

ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் மானிப்பாயில் அறுவை மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். நாம் ஒரு செருப்புத் தூரத்துக்குத் தடுமாறுகிறோம்.

நல்லூரிலிருந்து

---

யாழ்ப்பாண நண்பருக்கு வணக்கம்.

செருப்பை இழந்தும் சொல் கொண்டுவந்திருக்கிறீர்கள், நன்றி. 'மீ'யை நான் கைவிடுகிறேன். குவியத் தொலைவோடு குழம்பும் என்ற வாதம் சரியானது, எனக்கு அது தோன்றவேயில்லை.

ஆனால் உங்கள் சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தொடுவான் தூரம் என்று கேட்டால் நான் என்ன நினைப்பேன்? நான் நிற்கும் இடத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தூரம் என்றுதான். அதுவும் ஓர் உண்மையான அளவு. கடற்கரையில் நிற்கும் ஆளுக்கு நாலரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒன்றரை மீட்டரைப் போய்த் தொடுவான் தூரம் என்றால் புவியியல் ஆசிரியர் சிரிப்பார். கப்பல்காரர் அழுவார்.

இன்னொன்று. கேமராவில் நாம் திருப்புவது குவியத்தை. அந்தச் சொல் பெயரில் இல்லாவிட்டால் பட்டியலில் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

கோவையிலிருந்து

---

தம்பி,

அதிபரவளைவை இழுத்துப் போட்டவன் நான்தான், அடி வாங்கிக்கொண்டேன். ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் பிலிம் போட்டு எடுத்த காலத்தில் இந்தக் கணக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. என் பழைய 28 மில்லிமீற்றர் லென்ஸின் கழுத்தில் குவிய வளையத்துக்குப் பக்கத்தில் 4, 8, 11, 16 என்று இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். வளையத்தைத் திருப்பி, முடிவிலிக் குறியை 11இன் கோட்டைத் தொடவைத்தால் முடிந்தது. நடுக்குறி காட்டுகிற தூரம் நீர் கேட்கிற தூரம். மற்றப் பக்கத்து 11 காட்டுவது அதன் பாதி. கண்ணால் பார்க்கலாம், முடிவிலி கோட்டைத் தொடுவதை. அதனால் 'தொடு' எனக்குச் சம்மதம். இப்போது வருகிற பல லென்ஸ்களில் அந்தக் கோடுகளையே எடுத்துவிட்டார்கள், கணக்கும் செருப்பும் தேவைப்படுகிறது.

கோவைத் தம்பி சொல்வதும் நியாயம். தூரத்தை வெட்டிவிட்டுக் குவியத்தை உள்ளே விட்டால் என்ன?

ரொறன்ரோவிலிருந்து

---

அண்ணை, நண்பரே,

புவியியல் ஆசிரியர் சிரிப்பார் என்று எனக்கு ஓடவேயில்லை, ஒத்துக்கொள்கிறேன். தூரத்தை வெட்டுவோம். தொடுவான்குவியம். இது ஒரு வைப்பு, ஒரு நிலை. அதன் அளவைச் சொல்லும்போது "18இல், எஃப்/11க்குத் தொடுவான்குவியம் ஒன்றரை மீற்றர்" என்று வந்துவிடும். தூரம் என்ற சொல்லே தேவையில்லை, மீற்றர் என்றாலே தூரம்தானே. கொழுத்தும் வெயிலில் மூச்சு வாங்க நின்றுகொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை. மிகைக்குவியத் தொலைவு என்று அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

நட்சத்திரம் எடுக்கிறவர்கள் "எங்கள் படத்தில் தொடுவானமே இல்லையே" என்று கேட்கலாம். வானம் இருக்கிறது, போதும்.

பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

தொடுவான்குவியம்: தரப்பட்ட வில்லைக்கும் துவாரத்துக்கும், முடிவிலியில் உள்ள பொருள் ஏற்கத்தக்க தெளிவின் எல்லையை மட்டாகத் தொடும்படி குவியம் வைக்கக்கூடிய மிகக் கிட்டிய நிலை. இதன் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை புல ஆழம் (தெளிவாக விழும் பரப்பு) விரியும்.

'கிட்டிய' என்பது தமிழ்நாட்டில் 'கிடைத்த' என்று வாசிக்கப்படும் என்றால் 'அருகான' என்று மாற்றலாம், கோவை நண்பர் சொல்லவேண்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள். மயக்க வட்டத்துக்குத் தனி இழை திறக்கிறேன், அதில் இதைவிட அடிபாடு இருக்கிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று அண்ணை தனி மடலில் கேட்டிருந்தார். சொல்லை எழுதிப் போட்டேன், எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். போன சனிக்கிழமை காரைநகரில் ஒருவன் மற்றவனைக் கூப்பிட்டுக் கேட்டது: "டேய், செருப்பு எவ்வளவில வைச்சனி?"

நல்லூரிலிருந்து