5000 மீட்டர்: த்ரெஷோல்டு பயிற்சியில் பாதியிலேயே வேகம் விழுகிறது, யோசனை தேவை

வணக்கம். நான் பயிற்சி தருபவர் 5000 மீட்டரை 16 நிமிடம் 40 விநாடியில் ஓடுபவர்; அவருக்கு வாரம் 80 கி.மீ. திட்டம். செவ்வாய்க்கிழமை த்ரெஷோல்டு (ரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் எல்லையை ஒட்டிய வேகத்தில் ஓடுவது): 1000 மீட்டர் × 6, தலா 3:35, நடுவில் 60 விநாடி மெதுவோட்டம். முதல் மூன்றும் சரியாக வருகின்றன. நான்காவதிலிருந்து 3:42 ஆகிவிடுகிறது, இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. முடிவில் ரத்தத்தில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் பொருள்) லிட்டருக்கு 5.1 மில்லிமோல். காதுமடலில் வியர்வையைத் துடைத்து, முதல் சொட்டை ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தது. அளவில் பிழை இருக்காது.

என் சந்தேகமெல்லாம் ஈஸி நாட்களில், அதாவது மெதுவாக ஓட வேண்டிய நாட்களில், அவர் கி.மீ.க்கு 4:10 போவதன் மேல்தான். திட்டத்தில் ஈஸி என்று எழுதினால் யார் கேட்கிறார்கள்!

வேகத்தை 3:40 ஆக்கி ஆறையும் முடிக்க வைப்பதா, இல்லை அதே வேகத்தில் 600 மீட்டர் × 10 என்று மாற்றுவதா? வெள்ளிக்கிழமை ஓடும் 400 மீட்டர் × 10-ஐ இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?