வயலின் வாசிக்கிற பெண் படம், முகமெல்லாம் புள்ளி: அச்சுக் கோளாறா, வரைந்ததே அப்படியா?

கோட்டையூர் டிவிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் படம் வரையத் தெரியாது. காரைக்குடியில் டிவி, மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் பார்க்கிறேன். போன வாரம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பீங்கான் சுவிட்சு தேடிப் போனேன். ஒரு கடையில் எனாமல் தூக்குவாளிகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த ஒரு படத்தை 600 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டேன். சுவிட்சு கிடைக்கவில்லை.

படம் இரண்டரை அடி உயரம், அச்சடித்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நின்றுகொண்டு வயலின் வாசிக்கிறாள். ரோஸ் நிறத்தில் தரை தொடும் கவுன், தோளில் கை புஸ்ஸென்று உப்பியிருக்கிறது. பின்னால் ஒரு கதவு, அந்தப் பக்கத்து அறையில் இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், முழுதாகத் தெரியவில்லை. அடியில் ஏதாவது பெயர் இருந்திருக்கும், ஓரத்தை யாரோ வெட்டிவிட்டார்கள்.

சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "பிரிண்ட் பிசிறடிச்சிருக்கு, இதுக்குப் போய் தேக்குச் சட்டமா?" என்றார். உண்மைதான், கிட்டே போனால் முகம், கை, கவுன், சுவர் எல்லாமே புள்ளி. காதுக்குக் கீழே பச்சைப் புள்ளிகூட இருக்கிறது. வீட்டுக்காரி "அம்மை போட்ட மாதிரி இருக்கு, கூடத்தில் மாட்டாதீங்க" என்கிறாள். அப்பத்தா ஒருவர்தான் "எங்கடா புள்ளி? பிள்ளை ரோசாப்பூ மாதிரில்ல நிக்கிறா" என்றார்.

டிவித் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும். அந்தச் சங்கதி எனக்குப் பழக்கம். அதனால்தான் இது பிழை இல்லையோ என்று ஒரு சந்தேகம். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தேக்குச் சட்டம் போடலாமா, வேண்டாமா?

டிராயிங் டீச்சர், தேவகோட்டை:

தாராளமாகப் போடுங்கள் தம்பி. நீங்கள் சொல்கிற கதவையும் அந்த உட்கார்ந்த பெண்ணையும் வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். வரைந்தவர் தியோ வான் ரைசல்பெர்க், பெல்ஜியத்துக் கென்ட் நகரத்துக்காரர். 1894இல் வரைந்தது. மூலப்படம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், ஆளுயரப் படம். ஜெனீவாவில் பெட்டி பாலே என்ற அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தப் பெண் பெயர் இர்மா செத். சும்மா வயலினைக் கையில் கொடுத்து நிற்கவைத்த மாடல் இல்லை, மேடையில் வாசித்த கலைஞர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வயலின் என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று யூஜின் இசாயி. அவரிடம் படித்தவள். 1876இல் பிறந்தவள், படத்தில் வயது 18தான். இந்த ஓவியர் அவளுடைய அக்காமார் இரண்டு பேரையும் வரைந்திருக்கிறார். ஆலிஸை 1888இல், மரியாவை 1891இல். மரியா ஆர்மோனியம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற படம் ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று படம்!

புள்ளிக்கு வருகிறேன். இதைத் தொடங்கி வைத்தவர் பாரிஸில் ஜார்ஜ் சூரா. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் ஜனம் உட்கார்ந்திருக்கிற பெரிய படம், 3 மீட்டர் அகலம், முழுக்கப் புள்ளி. 1886இல் பாரிஸில் காட்டினார், மறு வருஷம் பிரஸ்ஸல்ஸில் 'இருபதின்மர்' என்ற ஓவியர் குழுவின் கண்காட்சியில் வைத்தார்கள். ரைசல்பெர்க் அந்தக் குழுவில் ஒருவர். அடுத்த வருஷமே புள்ளிக்கு மாறிவிட்டார். சூரா 31 வயதில் போய்ச் சேர்ந்தார், பாவம். சூராவின் அந்தப் பெரிய படத்தில் மனிதர்களுக்கு முகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பொம்மை மாதிரி நிற்பார்கள். அதே முறையில் ஒரு குறிப்பிட்ட ஆளை, பார்த்ததும் 'இன்னார்' என்று தெரிகிற மாதிரி வரைவது கஷ்டம். ரைசல்பெர்க் அதைத்தான் செய்தார். முகத்துக்கு வரும்போது புள்ளியைப் பொடியாக்கிவிடுவார். உங்கள் படத்தில் கவுனையும் கன்னத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், நிறைய பேர் இதைப் புள்ளிக்கோலம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கோலத்தில் புள்ளி வைப்பதே கோடு போவதற்காக. இங்கே கோடே கிடையாது.

பழைய பிரஸ்காரன்:

டீச்சர் சொன்னது சரி. ஆனால் சட்டக்கடைக்காரரையும் முழுசாகத் தள்ளிவிட முடியாது. அச்சிலும் புள்ளி உண்டு. நான் 22 வருஷம் ஆஃப்செட் மெஷினில் நின்றவன். மல்டிகலர் என்றால் நான்கு மை: நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. நான்கும் புள்ளிதான். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையையும் வேறு வேறு சாய்வில் வைப்போம், இல்லாவிட்டால் புள்ளிகள் மோதிக்கொண்டு துணியில் அலை ஓடுகிற மாதிரி ஒரு கோளாறு வரும்.

ஒரு லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், சர்க்யூட் போர்டு பார்க்கிற லென்ஸே போதும். காதுக்குக் கீழே இருக்கிற அந்தப் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். புள்ளிக்குள்ளே இன்னும் பொடியாக நீலமும் மஞ்சளும் பூ மாதிரி சுற்றி நின்றால், பெரிய புள்ளி ஓவியருடையது, சின்னப் புள்ளி பிரஸ்ஸுடையது. இரண்டும் தெரிந்தால் அச்சில் ஒரு குற்றமும் இல்லை. பெரிய புள்ளியின் ஓரத்தில் ஒரே பக்கமாக ரோஸ் வழிந்து தெரிந்தால் மட்டும் ரிஜிஸ்டர் தப்பியிருக்கிறது, அதாவது நான்கு மையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. வளவில் வெயில் விழுகிற சுவரில் மாட்டாதீர்கள். மஞ்சளும் ரோஸும் முதலில் போய்விடும், கொஞ்ச வருஷத்தில் படம் முழுக்க நீலமாக நிற்கும். சலூன்களில் பழைய காலண்டர் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

கண்டாங்கித் தறி:

நான் நெசவு. கேட்டதற்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, தோன்றியதைச் சொல்கிறேன்.

பாவு சிவப்பு, ஊடை கறுப்பு போட்டு நெய்தால் துணி அரக்கு நிறத்தில் வரும். அரக்குச் சாயம் எங்கேயும் முக்கவில்லை. பாவு நீலம், ஊடை பச்சை என்றால் மயில்கழுத்து. கிட்டே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நூலும் தனித்தனி, கை நீட்டிப் பிடித்தால் ஒரே நிறம். நூல் நூலாகச் செய்வதை அவர் புள்ளி புள்ளியாகச் செய்திருக்கிறார் போல.

ஆனால் ஒன்று, கலந்த நிறம் ஒருநாளும் தனி நிறத்தைவிடப் பளிச்சென்று இருக்காது. ஒரு படி மங்கித்தான் நிற்கும். 'புள்ளி வைத்தால் கண்ணில் கலந்து இன்னும் பிரகாசமாகும்' என்று எங்கேயோ படித்தேன், என் அனுபவத்தில் அப்படி இல்லை. தறிக்காரனுக்கு நிறம் தூக்கலாக வேண்டும் என்றால் கலக்க மாட்டான், பக்கத்தில் வைப்பான். கண்டாங்கியில் கடுகு மஞ்சள் உடலும் செங்கல் சிவப்புக் கரையும் கட்டமும் அப்படித்தான் நிற்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தச் சேலைக்கே உயிர் அதுதான்.

டிராயிங் டீச்சர், தேவகோட்டை:

சம்பந்தம் இருக்கிறதாவது! இந்த விஷயமே சாயப்பட்டறையில் இருந்துதான் வந்தது. பாரிஸில் கோபெலின் என்று அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம், அங்கே சாயப்பிரிவுக்கு மேலாளர் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் சரியாக ஏறவில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. நீலம், ஊதா நூலுக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் கறுப்பு சோகை பிடித்துத் தெரிகிறது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் மேல் தன் எதிர்நிறத்தை ஏற்றிவிடும் என்று 1839இல் பெரிய புத்தகமே எழுதினார். சூரா, அவரோடு சேர்ந்து புள்ளி வைத்த ஓவியர் சிக்னாக் எல்லோரும் அதைக் கரைத்துக் குடித்தவர்கள்.

மங்கும் என்று நீங்கள் சொல்வதும் சரி, முழுசாகக் கலந்துவிட்டால் மங்கத்தான் செய்யும். நீலத்தையும் மஞ்சளையும் பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்துத் தள்ளி நின்றால் பளிச்சென்று பச்சை வராது, சாம்பல் பூத்த மாதிரி ஒன்று வரும். வகுப்பில் போஸ்டர் கலர் வைத்துச் செய்து பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

கண்டாங்கித் தறி:

கறுப்பு விஷயம் நூற்றுக்கு நூறு. நீலக் கட்டத்துக்குப் பக்கத்தில் கறுப்பு பழுப்படித்த மாதிரி தெரியும். "சாயம் போன நூலா?" என்று கேட்டுச் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அவர்களிடம் இனி பாரிஸ் கதையைச் சொல்கிறேன்.

கோட்டையூர் டிவிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைக்கு லீவு, உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

லென்ஸ் வைத்தேன். பிரஸ் அண்ணன் சொன்ன மாதிரியே புள்ளிக்குள் புள்ளி. காதடிப் பச்சைக்குள் பொடி நீலம், பொடி மஞ்சள், ஓரம் சுத்தம், எதுவும் வழியவில்லை. கவுனில் புள்ளி மிளகு அளவு இருக்கும் இடத்தில் கன்னத்தில் கடுகைவிடச் சின்னது. மடிப்பின் நிழலில் ரோஸே கிடையாது, நீலமும் ஊதாவும்தான். தூரத்தில் இருந்து அதைத்தான் ரோஸ் கவுனின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தூரம். எங்கள் வளவில் தரை ஆத்தங்குடிக் கல், ஒரு கல் எட்டு அங்குலம். படத்தை நாற்காலியில் சாய்த்துவைத்துக் கல்லை எண்ணிக்கொண்டே பின்னால் போனேன். 4ஆவது கல்லில் எல்லாம் புள்ளி, ஆளே இல்லை. 12இல் ஆள் வந்துவிட்டாள், ஆனால் புள்ளி போகவில்லை. கவுன் அசைகிற மாதிரி ஒரு மினுமினுப்பு, வில்லை இப்போதுதான் இழுத்து நிறுத்தினாள் போல. 25ஆவது கல்லில் புள்ளி சுத்தமாகப் போய்விட்டது, கூடவே அந்த மினுமினுப்பும் போய், சாதாரணப் படம் ஆகிவிட்டது. தறிக்காரர் சொன்ன மங்கல் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்த 12ஆவது கல். டிவியில் இப்படி வராது. அங்கே புள்ளி தெரிந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

அந்தக் கதவையும் இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முகப்பில் நின்றால் நிலைக்கு நேர் நிலையாக இரண்டாங்கட்டு வரை தெரியும். உள்ளே யாராவது உட்கார்ந்திருந்தால் சேலை முந்தானை மட்டும் கண்ணில் படும். அதே மாதிரி இருக்கிறது.

பெயரில்லாதவன், குன்றக்குடி:

என்னதான் சொல்லுங்கள், எங்கள் ஊர்க்காரர் குன்னக்குடி வைத்தியநாதனை வரைய இத்தனை புள்ளி எதற்கு? நெற்றியில் சிவப்பாக ஒன்று பெரிதாக வைத்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, அந்தப் பெண் நின்றுகொண்டு தாடைக்கடியில் வைத்து வாசிக்கிறாள். நம் ஆட்கள் சம்மணம் போட்டு வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வார்கள். ஆளுயரப் படம் நமக்கு வேலைக்காகாது, பாதிச் சட்டம் மிச்சம்.

டிராயிங் டீச்சர், தேவகோட்டை:

சிரித்துவிட்டேன்! டிவித் தம்பிக்கு ஒரு தகவல்: ரைசல்பெர்க் பின்னால் புள்ளியைக் கைவிட்டுவிட்டார். 1900க்கு அப்புறம் தூரிகைத் தீற்றல் நீண்டுகொண்டே போனது. 1926இல் பிரான்சின் தென்கரையில் இறந்தார். கடைசிக் காலப் படங்களில் இந்த மினுமினுப்பைத் தேடினால் கிடைக்காது. உங்களிடம் இருப்பது நல்ல காலத்துப் படம்.

அப்பத்தாவுக்கு ஏன் புள்ளி தெரியவில்லை என்று சொல்லவே இல்லையே?

கோட்டையூர் டிவிக்காரன்:

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை டீச்சர். கையில் எடுத்துப் பார்த்தாலும் அவருக்கு அது 25ஆவது கல்தான்.

தேக்குச் சட்டமே போட்டாயிற்று. சட்டக்கடைக்காரரிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், "சரி சரி" என்று சொல்லிவிட்டுக் கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்க அப்பத்தா விடவில்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி இருக்கும், ஒருதரம் பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் கிடையாது. அதனால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து, மேலே உத்தரத்தில் இருந்து ஆன்டெனா ஒயரில் தொங்கவிட்டிருக்கிறேன், அப்பத்தா கட்டிலுக்கு நேரே. அடுத்த மாதம் மதுரையில் அவருக்குக் கண் ஆப்பரேஷன். வந்து கட்டுப் பிரித்ததும் அந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ, இங்கேயே எழுதுகிறேன்.