கோண்டு ஓவியம்: ஒரே மான், ஒன்று 1,800, இன்னொன்று 14,000. எதை வாங்குவது?

மடிப்பாக்கம் மீரா:

எல்லோருக்கும் வணக்கம். காலண்டர் முருகனைத் தவிர சுவரில் வேறு எதையும் மாட்டிப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. புது வீட்டுக்குப் போகிறோம். கூடத்தில் கையால் வரைந்த படம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன ஞாயிறு ஆழ்வார்பேட்டையில் ஒரு கண்காட்சியில், மத்தியப் பிரதேசத்துப் பழங்குடிகள் வரைகிற கோண்டு ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். மானின் கொம்பு அப்படியே மரமாகக் கிளைத்துப் போகிறது, கிளையெல்லாம் பறவைகள். இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். விலை 14,000. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து போனில் தேடினால் ஏறக்குறைய அதே மான், அதே கொம்பு, ‘கையால் வரைந்த அசல் கோண்டு’ என்று 1,800 ரூபாய்க்கு வருகிறது. தலை சுற்றுகிறது. இதில் ஒன்று போலியா, இல்லை நான்தான் விவரம் தெரியாமல் பேசுகிறேனா?

அப்புறம் ஒரு அல்ப ஆசை. வாங்கும் படத்தையே கிரகப்பிரவேச அழைப்பிதழிலும் அச்சடித்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செய்யலாம்தானே?

லென்ஸ் மாமா:

முதலில் அது பிரிண்டா என்று பாருங்கள். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அந்த லென்ஸ் ஒன்று போதும். அச்சடித்ததாக இருந்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் புள்ளிகள் தெரியும். கையால் வரைந்திருந்தால் கோடு முடிகிற இடத்தில் பேனாவை எடுத்த தடம் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பெயின்ட் மேடு தட்டும். ஆன்லைன் படத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

பழைய ரயில்காரன்:

லென்ஸ் மாமா சொன்னது சரி. ஆனால் அது பிரிண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும், நல்ல படமா என்று சொல்லாது. மீரா மேடம், உங்கள் மான் எனக்குப் பழைய சிநேகிதம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். ஜபல்பூரில் ஆறு வருஷம் குப்பை கொட்டினேன். ஒரு தீபாவளி விடுமுறையில், கூட வேலை பார்த்தவர் டிண்டோரி மாவட்டத்துப் பாட்டன்கட் கிராமத்துக்குக் கூட்டிப் போனார். கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷ்யாமின் ஊர். 1980களின் தொடக்கத்தில் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவானபோது, அதன் கலைக்கூடப் பொறுப்பில் இருந்தவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர், அவரே பெரிய ஓவியர். கிராமம் கிராமமாக அவர் ஆள் அனுப்பித் தேடியதில்தான் ஜன்கட் கண்ணில் பட்டார். அதுவரை மண் சுவரிலும் தரையிலும் இருந்த கோலம் காகிதத்துக்கு வந்தது ஜன்கட் கையால். ஆகவே காகிதத்தில் இருக்கும் கோண்டு ஓவியத்தை ‘முந்நூறு வருஷப் பழசு’ என்று யாராவது விற்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். 1989-இல் பாரிஸின் பொம்பிதூ கலை மையத்தில் ஜன்கட்டின் படங்கள் இருந்தன. 2001-இல் ஜப்பானில் ஒரு அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பதை ஒட்டிய வயது.

பாட்டன்கட்டில் நாங்கள் போன வீட்டில் ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து, பலகை மேல் காகிதத்தை வைத்து மயில் வரைந்துகொண்டிருந்தார். உருவத்தின் வெளிக்கோட்டை ஐந்து நிமிஷத்தில் போட்டுவிட்டார். அதற்குள் நிரப்புவதுதான் வேலை. கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னப் பிறைகளை வைத்துக்கொண்டே போனார். காபி குடித்து, ஊர்க்கதை பேசி, நாங்கள் கிளம்புகிற வரை அந்தக் கழுத்து முடியவில்லை. பக்கத்தில் மகள் இன்னொரு படத்துக்கு அடிவண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். இது ஏமாற்று இல்லை. குடும்பமாக உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே சகஜம்.

கோண்டு ஓவியத்தில் கையெழுத்து மூலையில் இல்லை, அந்த நிரப்பலில் இருக்கிறது. ஒருவர் மீன் செதில் போடுவார், ஒருவர் விதை, ஒருவர் சங்கிலிக் கண்ணி, ஒருவர் மழைத்துளி. பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும் இது இன்னார் கை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். கொம்பு மரமாவதை எல்லோரும் வரைகிறார்கள், அது பொதுச் சொத்து மாதிரி. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். மானின் கழுத்தைப் பாருங்கள். நல்ல கையாக இருந்தால் கோடுகள் கழுத்தோடு சேர்ந்து வளையும், வயிற்றில் அகலும், காலில் நெருங்கும். அவசரக் கையாக இருந்தால் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே சீராகப் போய், ஓரத்தில் இடம் போதாமல் முட்டி நிற்கும்.

அந்த 1,800 ரூபாய்ப் படம் கற்றுக்கொண்டிருக்கும் பையன் ஒருவனின் அசல் வேலையாகவும் இருக்கலாம், ஏதோ நகரத்து ஓவிய வகுப்பில் கோண்டு பாணியில் போட்டதாகவும் இருக்கலாம். விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வரைந்தவர் பெயர் என்ன, எந்த ஊர்? பதிலுக்கு ‘கோண்டு ஆர்ட்டிஸ்ட் மேடம்’ என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். டிண்டோரியின் கோண்டு ஓவியத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் கையிலிருக்கும் படம் யாருடையது என்பதை அது சொல்லாது.

படத்தின் கதையையும் கேளுங்கள். வரைகிறவர்களில் பெரும்பாலோர் பர்தான்கள், கோண்டுகளின் பாணர்கள். நம் சங்கப் பாணர் மாதிரி, ஆதரித்த வீடுகளுக்குப் போய்ப் பானா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக் குலக்கதை பாடியவர்கள். அவர்களின் பெருந்தெய்வம் படாதேவ் குடியிருப்பது சாஜா மரத்தில், அதாவது நம்மூர்க் கருமருது. பாட்டு குறைந்து, பாட்டில் இருந்தது கோடாகிவிட்டது. அதனால் கதை கேட்டால் சொல்வார்கள்.

முதலீடாக மட்டும் நினைக்காதீர்கள். ஜன்கட்டின் ஒரு படம் 2010-இல் நியூயார்க் ஏலத்தில் 31,250 டாலருக்குப் போனது உண்மை. அதைச் சொல்லியே ஊரில் இருக்கிற எல்லா மானையும் விற்கிறார்கள்.

இனி என் சோகம். முதலில் வாங்கிய பறவைப் படத்தைச் சென்னையில் ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன். அவர் ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டி, மேலே கண்ணாடியை நேராக அழுத்திவிட்டார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பளபளவென்று இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். திருவான்மியூரில் வீடு, உப்புக் காற்று. இரண்டாவது மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஈரம் பூத்தது. பிரித்தபோது பறவையின் இடது சிறகு கண்ணாடியோடு வந்துவிட்டது. போஸ்டர் கலர், தண்ணீர் பட்டால் இளகும். அந்தச் சிறகு இன்னும் கண்ணாடியிலேயே இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. எனவே: அமிலமில்லாத மவுண்ட் போர்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி, பசையும் செலோடேப்பும் கிட்டவே வரக் கூடாது. வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம்.

கோத்தகிரிப் பையன்:

ரயில்காரன் ஐயா, அருமை. எங்கள் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் குறும்பர் ஓவியம் இருக்கிறது. வேங்கை மரப்பாலில் வரைவார்கள், காய்ந்ததும் ஆழ்ந்த பழுப்பு. பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பதை வரைந்த படம் எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. கோண்டு மாதிரி கண்ணைப் பறிக்காது, வந்தவர்கள் முதலில் கவனிப்பதே இல்லை. வரைகிறவர்களோ விரல் விட்டு எண்ணும் அளவுதான். மீரா அக்கா, ஊட்டிப் பக்கம் வந்தால் பாருங்கள்.

கறுப்புக் கோட்டு:

அழைப்பிதழ் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். மேடம், படம்தான் உங்களுடையது. அதை அச்சடிக்கும் உரிமை, எழுதிக் கொடுத்தால் தவிர, ஓவியரிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும். வெள்ளைத் தாளில் இரண்டு வரி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு தொகையும் கொடுங்கள். கேட்டால் சந்தோஷமாகத்தான் தருவார்கள்.

மடிப்பாக்கம் மீரா:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன்காரரிடம் பெயர் கேட்டேன். ‘டிரைபல் ஆர்ட்டிஸ்ட், 100 சதவீதம் அசல்’ என்று பதில் வந்தது. கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ரயில்காரன் சார் சொன்ன மாதிரியே ஓரத்தில் முட்டி நிற்கிறது! ஒருமுறை பார்த்த பிறகு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் கண்காட்சிக்கு ஓடினேன். மான் விற்றுவிட்டது. அழுகையே வந்துவிட்டது. ஆனால் வரைந்தவர் மூலையில் உட்கார்ந்து ஒரு சின்னப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நண்டு ஒன்று, அதன் கொடுக்கில் ஒரு மண்புழு. என் அரைகுறை இந்தியில் கதை கேட்டேன். உலகம் முழுக்கத் தண்ணீராக இருந்ததாம். மண்ணைத் தேடி வரச் சொல்லி படாதேவ் காக்கையை அனுப்பினாராம். மண்ணையெல்லாம் மண்புழு விழுங்கி வைத்திருக்க, நண்டுதான் அதைப் பிடித்துக் கக்க வைத்ததாம். நாம் நிற்கிற பூமி அப்படி வந்தது என்றார். சொல்லிக்கொண்டே நண்டின் முதுகில் இன்னும் நாலு புள்ளி வைத்தார்.

4,500 கொடுத்து வாங்கிவிட்டேன். அழைப்பிதழுக்கு ஆயிரம் தனியாகக் கொடுத்தேன், என் நோட்டிலேயே அனுமதி எழுதி ஊர்ப் பெயரோடு கையெழுத்துப் போட்டுத் தந்தார். “கிரகப்பிரவேசத்துக்குப் போய் நண்டையா வாங்கி வந்தாய்?” என்று அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். மண்புழு கதையைச் சொன்னேன். “மனை வாங்கினோம், மண்ணும் வந்தது, சரி போ” என்றார்.

தென்சென்னையில் பசை போடாத பிரேம் கடை யாருக்காவது தெரியுமா?

பழைய ரயில்காரன்:

தெரியும். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். போகும்போது என் கண்ணாடிச் சிறகைத் தருகிறேன், அதைக் கடைக்காரரிடம் முதலில் காட்டிவிட்டு அப்புறம் நண்டைக் கொடுங்கள்.