எக்ஸ்ரே ஃபிலிமின் பின்பக்கத்தை உரித்தே ஆகணுமா?

இருட்டறைவாசி:
"பின்பக்க எமல்ஷனை (ஒளியை உணரும் பூச்சை) ப்ளீச் போட்டு உரிக்காத எக்ஸ்ரே நெகட்டிவ், நெகட்டிவே இல்லை" என்று பெல்லோஸ்காரர் நேற்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். 8க்கு 10 அங்குல ஷீட் போடும் பெரிய கேமராவில், சாதாரண ஃபிலிமுக்குப் பதில் எக்ஸ்ரே ஃபிலிம் போட்டு, பல வருடமாக உரிக்காமல்தான் எடுக்கிறேன். அப்போ என் பெட்டியில் இருப்பதெல்லாம் என்ன, அப்பளமா?

பெல்லோஸ்காரன்:
நெகட்டிவைப் பார்க்காமல் அப்பளமா இல்லையா என்று சொல்ல முடியாது. இந்த ஃபிலிம், எக்ஸ்ரே பட்டால் ஒளிரும் இரண்டு திரைகளுக்கு நடுவே வைக்கச் செய்தது. அதனால்தான் இரு பக்கமும் எமல்ஷன். லென்ஸ் வழியாக வரும் ஒளி முன்பக்கத்தில் சிதறி, பேஸைத் (நடுவில் உள்ள பிளாஸ்டிக் தாளை) தாண்டிப் பின்பக்கத்திலும் பதிகிறது. பெரும்பாலான ஷீட்களில் ஹேலேஷனைத் (ஒளி பின்னால் பட்டுத் திரும்பி வந்து படத்தைக் கலங்கடிப்பதை) தடுக்கும் பூச்சும் கிடையாது. முன்னால் கூர்மையாக ஒரு படம், பின்னால் மங்கலாக இன்னொன்று. உரிக்கணும்.

இருட்டறைவாசி:
பேஸின் தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. நெகட்டிவைத் தாள்மேல் வைத்து அதே அளவில் எடுக்கும் கான்டாக்ட் பிரிண்டில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

பெல்லோஸ்காரன்:
என் கண்ணுக்கு.

சிவப்புவிளக்கு:
கூர்மை கூர்மை என்கிறீர்களே, கான்டாக்ட் பிரிண்டிலா, பெரிதாக்கும்போதா? என் தலைவலி கீறல்தான். ஈரத்தில் தொட்டாலே கோடு விழுகிறது. ட்ரேயின் அடியில் கண்ணாடி போட்டு, ஒரு நேரத்துக்கு ஒரே ஷீட், ரொடினால் டெவலப்பர் 1:100 என்று மாறியபிறகுதான் குறைந்தது.

பெல்லோஸ்காரன்:
கீறல் அதிகம் விழுவது ட்ரேயில் உரசும் பக்கத்தில். அந்தப் பக்கத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டு உரித்துவிட்டால் கீறலும் போச்சு. இதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்?

இருட்டறைவாசி:
அதோடு பாதி அடர்த்தியும் போச்சு. முன்பக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டி ப்ளீச் ஊற்றும்போது ஓரத்தில் கசிந்து, முன்பக்கப் படமும் கரைந்துபோன ஷீட்களைப் பற்றி ஐயா எழுதவே மாட்டாரே?

பெல்லோஸ்காரன்:
ஒட்டத் தெரியாதவனுக்குக் கசியும். ஃபிலிம் அட்டையில் வேகம் 400 என்று பார்த்ததும் அப்படியே ஒளி மீட்டரில் வைத்து எடுத்து, அத்தனை ஷீட்டும் படம் சரியாகப் பதியாமல் வெறும் நீலமாக வந்தது யாருக்கு? அது திரையோடு சேர்த்துச் சொல்லும் வேகம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு நன்றி இன்னும் பாக்கி இருக்கிறது.

இருட்டறைவாசி:
என்னை 80-இல் வைக்கச் சொன்னது சிவப்புவிளக்கு. நீங்கள் "பின்பக்கத்தை உரி" என்று மட்டும்தான் சொன்னீர்கள்.

புதுசு:
மேமோகிராஃபி (மார்பக எக்ஸ்ரே) ஃபிலிமில் ஒரு பக்கம்தானே எமல்ஷன்? அதை வாங்கினால் சண்டையே இல்லையே?

இருட்டறைவாசி:
தம்பி, கொஞ்சம் இரு.

பெல்லோஸ்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள்.

சிவப்புவிளக்கு:
ஒரு சந்தேகம். பச்சை ஒளியையும் உணரும் ஃபிலிமுக்கு இருட்டறையில் மஞ்சள் விளக்கு போதும் என்று பெல்லோஸ்காரர் ஒருமுறை எழுதினாரே? நம்பிப் போட்டேன், ஃபிலிம் முழுக்கப் புகைமூட்டம்.

பெல்லோஸ்காரன்:
நீல ஒளியை மட்டும் உணரும் ஃபிலிமுக்குச் சொன்னது அது. பச்சைக்குச் சிவப்பு விளக்குதான். படிக்கிறபோது கண்ணைத் திறந்து படியுங்கள்.

சிவப்புவிளக்கு:
நீங்கள் எந்த ஃபிலிம் என்றே எழுதவில்லை.

பெல்லோஸ்காரன்:
எந்த ஃபிலிமாக இருந்தால் என்ன? இரண்டு பக்கம் எமல்ஷன் இருந்தால் ஒரு பக்கத்தை உரிக்கணும்.

இருட்டறைவாசி:
நாளைக்கு உரிக்காத நெகட்டிவின் பிரிண்டை ஸ்கேன் செய்து போடுகிறேன்.

பெல்லோஸ்காரன்:
ஸ்கேனில் என்ன தெரியும்?