முட்டம் பாறையில் வெள்ளைக் கோடு: உருகியதா, விரிந்ததா?

மயிலாடி உளி:
வணக்கம். எனக்குச் சிலை கொத்துகிற தொழில். கல்லில் வெள்ளை ஓடினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவோம். சாமி முகத்தில் கோடு விழுந்தால் யார் வாங்குவார்? முப்பது வருஷமாக இந்தக் கோட்டைத் திட்டியே பழக்கம். போன ஞாயிறு பேத்தியோடு முட்டம் போனபோதுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சாண் அகலத்தில் வெள்ளையும் வெளிர் சிவப்புமாக ஒரு கோடு பாறையை அறுத்துப் போகிறது. இடப்பக்கம் சாய்வாக வரும் கறுப்புப் பட்டை அதில் முட்டி நின்று, வலப்பக்கம் நாலு விரல் தள்ளித் தொடர்கிறது. கோட்டுக்குள்ளே, பாயசத்தில் முந்திரி மாதிரி, ஒரு கறுப்புக் கல் துண்டு. "தீக்குழம்பு வந்து பாறையை உருக்கிச்சா தாத்தா?" என்றாள். தலையாட்டி வைத்தேன். சரிதானா?

பாறை வாத்தியார்:
அண்ணாச்சி, குழம்பு வந்தது சரி. உருக்கி வழி செய்தது என்பதுதான் இடிக்கிறது. நீங்கள் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடிக்கும்போது, ஆப்பு நிற்கிற இடத்தையும் தாண்டி விரிசல் ஓடுமே, அதேதான். குழம்பு ஒரு திரவ ஆப்பு. எந்தத் திசையில் நெருக்கம் குறைவோ அந்தத் திசையில் பாறை விலகும். 2023 நவம்பர் 10 இரவு ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் ஊருக்கு அடியில் இப்படித்தான் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு பாய்ந்தது. வெளியே ஒரு சொட்டு வரவில்லை, ஆனால் ஊரின் ஒரு பகுதி ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. உங்கள் முந்திரி, விரிந்த சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது.
ஒரு சோதனை: கோட்டை அப்படியே தாளில் வரையுங்கள். கோட்டை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பக்கத்தையும் நேராக நெருக்குங்கள். பட்டை சேர்ந்தால் வெறும் விரிவு.

தோவாளைக்காரன்:
சார், குவாரியில் பத்து வருஷம் கம்ப்ரசர் ஓட்டினவன் நான். சில கோட்டுப் பக்கத்தில் பட்டையே வளைந்து கிடக்கும். ஆப்பு அடித்தால் கல் வளையுமா?

பாறை வாத்தியார்:
ஆறின கல் வளையாது தம்பி. நம்ம ஊர்ச் சார்னோகைட்டெல்லாம் (ஆழத்தில் கடுஞ்சூட்டில் உருவாகும் கருநிறக் கல் வகை) ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரி அளவில் வெந்தது. அந்தச் சூட்டில், மெதுவாக இழுத்தால் வெல்லப்பாகு மாதிரி வளையும். வேகமாகத் தள்ளினால்தான் பிளக்கும். கோட்டின் ஓரத்தையும் பாருங்கள். குளிர்ந்த பாறையில் நுழைந்த குழம்பு ஓரத்தில் சட்டென உறைவதால் அங்கே படிக மணி பொடியாக இருக்கும். ஓரம் வரை விரல் நீளப் படிகம் என்றால், பக்கத்துப் பாறையும் சூடாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். குழம்பில் நீர்ச்சத்து கூடினாலும் படிகம் பெரிதாகும், அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மயிலாடி உளி:
திரும்பப் போனேன். ஓரம் வரை பெரிய படிகம்தான், உளி முனையால் தொட்டே பார்த்தேன். தாள் சோதனை மட்டும் உதைத்தது. நேராக நெருக்கினால் பட்டைக்கு இன்னும் இரண்டு விரல் இடைவெளி.

பாறை வாத்தியார்:
அப்படியானால் சாய்வாக விரிந்திருக்கும். ஒரு சுவரில் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், எதிர்ச் சுவரில் அதற்கான பள்ளத்தைத் தேடுங்கள். இரண்டையும் இணைக்கிற கோடுதான் நகர்ந்த திசை.

மயிலாடி உளி:
பல்லைப் பேத்திதான் கண்டுபிடித்தாள். எதிர்ப் பள்ளம் இரண்டு விரல் தள்ளி, மேலே இருக்கிறது. அந்தச் சாய்விலேயே தாளை நெருக்கினோம், பட்டை பொருந்திவிட்டது. தாளை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருக்கிறாள்.